எண் சரியில்லை

போன் நம்பர் கேட்கும் இடத்தில் பெயரை அடித்துவிட்டு, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறைய, மேடம். நான் அவர்களைக் குறை சொன்னதில்லை. அவசரத்தில் மனிதன் எதையாவது அடிப்பான். அந்தப் பெட்டிதான் பார்த்து வாங்க வேண்டும். பத்து இலக்கம் இருக்கிறதா, நடுவில் எழுத்து ஏதும் நுழைந்திருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே விட வேண்டும். இல்லையென்றால் நிறுத்தி, என்ன தப்பு என்று சொல்ல வேண்டும். அதை எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் என் கடை இருக்கிறது. நானும் என் தங்கை பூங்குழலியும்தான். ரைஸ் மில், எடைமேடை, ஜவுளிக்கடை, சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்று சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் எங்கள் சாஃப்ட்வேரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவரவர் கம்ப்யூட்டரிலேயே ஓடும், நெட் போனாலும் நிற்காது. நான் எழுதுவேன், அவள் சோதித்துப் பார்ப்பாள். சோதிப்பது என்றால், எண் கேட்கும் பெட்டியில் எழுத்தை அடிப்பது, தேதி கேட்டால் பிப்ரவரி முப்பது என்று கொடுப்பது, ஒன்றுமே அடிக்காமல் பொத்தானை அமுக்குவது. அவள் விரல் பட்டு ஏமாந்து போகாத பெட்டி என்றால் அதை தைரியமாகக் கொடுக்கலாம். கெட்டிக்காரி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

சுரங்கத்து கேட்டில் இருக்கும் வைத்திலிங்கம் அண்ணனையும் வெடி வைக்கிற செல்லப்பனையும் நீங்கள் இன்னும் ஜெயிலில் வைத்திருக்கிறீர்கள். அதுதான் என்னைப் பேச வைத்தது. வைத்திலிங்கம் அண்ணன் தூங்கவில்லை. குடிக்கவும் இல்லை. பத்திரிகையில் போட்டது தவறு. அன்றைக்கு அறிவரசன் சுரங்கத்துக்குள் போனபோது அவர் அவன் பாஸ் எண்ணை அடித்தார். அடிக்கும்போது நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன்.

சுரங்கத்தில் எங்கள் சாஃப்ட்வேர் செய்கிற வேலை சின்னதுதான். கேட்டில் உள்ள கம்ப்யூட்டரில், உள்ளே போகிறவரின் பாஸ் எண்ணை வைத்திலிங்கம் அண்ணன் அடிப்பார். எண் சரியாக இருந்தால் பெட்டி பச்சையாக மாறும், 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், அந்த ஆளின் பெயர் பக்கத்தில் உள்ள திரைப் பட்டியலில் ஏறும். வெளியே வரும்போது மறுபடி அடிப்பார், பெயர் இறங்கிவிடும். மேலே பெரிய எழுத்தில் உள்ளே எத்தனை பேர் என்று ஒரு எண் தெரியும். எண் தப்பு என்றால் பெட்டி சிவப்பாகும். 'எண் சரியில்லை' என்று ஒரு அறிவிப்பு வந்து நிற்கும். அதை மூடாமல் அடுத்த எண்ணுக்குப் போக முடியாது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மேலே வந்த பிறகு வெடி வைப்பார்கள். வெடிக்குப் பொறுப்பு செல்லப்பன். அவர் வாக்கி-டாக்கியில், "கேட்டு, உள்ள எத்தன?" என்று கேட்பார். வைத்திலிங்கம் அண்ணன் திரையைப் பார்த்துச் சொல்வார். பூஜ்யம் என்றால் சைரன். ஒருவர் இருந்தாலும் பைக்கில் ஆள் போய்க் கூட்டிவரும். ஏனென்றால் குழியின் அடியில் தண்ணீர் இறைக்கிற டீசல் பம்பு பக்கத்தில் நின்றால் சைரன் காதில் விழாது, போனுக்கு சிக்னலும் கிடையாது. முன்பெல்லாம் செல்லப்பனே சிவப்புக்கொடியோடு குழியைச் சுற்றி நடந்து பார்ப்பார். சாஃப்ட்வேர் வந்த பிறகு அது மெல்ல நின்றுபோயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. திரையில் பூஜ்யம் தெரியும்போது கால் வலிக்க நடக்க யாருக்கும் தோன்றாது.

அன்றைக்கும் பூஜ்யம்தான் தெரிந்தது. அடியில் அறிவரசன் பம்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அறிவரசனைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்டபோது, தெரியும், நல்ல மெக்கானிக் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலை. நிலையான இடம் கிடையாது. எந்தக் குழியில் பம்பு நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் பூங்குழலியும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். கடைக்கு வருவான். ஏசி ஒழுகினால் அவனே ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்வான், காசு கொடுத்தால் வாங்க மாட்டான். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறான். எனக்குச் சாதி பார்க்கிற பழக்கம் கிடையாது, மேடம். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவன் அப்பா மதுரைவீரன் எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் கொல்லையில் வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் பிள்ளை டிப்ளமா முடித்துவிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் சரிக்குச் சரி உட்கார்ந்து டீ குடித்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த டம்ளரைப் பிறகு தனியாக எடுத்து வைத்தது கூட அவன் மனம் நோகாமல், அவன் போன பிறகுதான்.

ஒரு நாள் மாலை, கீழே இருந்து இரண்டு டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். பூங்குழலி ஒரு ஜவுளிக்கடைக்கான சாஃப்ட்வேரைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் பெயர் என்ற பெட்டியில் 'பூங்குழலி அறிவரசன்' என்று இருந்தது. பெட்டி பச்சையாக இருந்தது. நான் கொடுத்திருந்த விதி அவ்வளவுதான்: எழுத்துகள், ஒரு இடைவெளி, மறுபடி எழுத்துகள். அதன்படி அது சரியான பெயர்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"சும்மா டெஸ்டுண்ணே." உடனே அழித்துவிட்டு, பெயர் இடத்தில் எண்களை அடிக்க ஆரம்பித்தாள்.

நானும் டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் அவளை எனக்குத் தெரியும். சோதிக்கும்போது அவள் தப்பான பெயரைத்தான் அடிப்பாள். சரியான பெயரை அடித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். நான் அறைக்குள் வந்தால் பேச்சின் வேகம் மாறியது. சனிக்கிழமைகளில் பெரம்பலூரில் ஒரு பருத்திக்கடை கணக்கு சாஃப்ட்வேரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவாள். அந்தக் கடைக்குப் போன் செய்து, வேறு ஏதோ பேசுகிற மாதிரி பேசிவிட்டு, தங்கச்சி வந்தாளா என்று கேட்டேன். "தங்கச்சி வந்து மாசக்கணக்காச்சே, தம்பி. எல்லாம் நல்லா ஓடுது, அதான் கூப்புடல" என்றார் கடைக்காரர்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு முந்திய பஸ்ஸில் பெரம்பலூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டில், பழக்கடைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒளிந்து பார்க்கிற ஆள் இல்லை நான். ஆனால் ஒன்றைச் சரிபார்க்காமல் நம்புவதும் என் வழக்கம் இல்லை. சாயங்காலம் அரியலூர் பஸ் நிற்கிற இடத்துக்கு மூன்று பேராக வந்தார்கள். அவள், அவன், அவன் அம்மா காத்தாயி. பஸ் வருவதற்குள் பூங்குழலி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். காத்தாயி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, இடுப்பில் இருந்த சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பாத்துப் போ தாயி. அடுத்த வாரம் வா, கட்டிவுடுறேன்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். பூங்குழலி எனக்கு முன்பே வந்து தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பருத்திக்கடையில் வேலை அதிகமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். சட்னி நன்றாக இருந்தது.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். கோபத்தில் செய்கிறவர்கள் அரிவாளைத் தூக்குவார்கள். அந்த மாதிரி ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எனக்கு அவர்களைப் பிடிக்காது. நான் பொறுமையாகத்தான் யோசித்தேன். அறிவரசனிடம் ஒரு குறை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். குடிக்கிறானா என்று விசாரித்தேன், இல்லை. வேறு பெண் சகவாசம், இல்லை. கடனும் இல்லை. அவளிடம் எடுத்துச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவளிடமே நேராகக் கேட்டிருந்தால் அவள் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அவளை இழக்க நான் தயாராக இல்லை. அண்ணன் என்றால் அப்படித்தான் நினைப்பான்.

இப்போது அந்தச் சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருகிறேன்.

சுரங்க மேனேஜர் சிங்காரவேலு சார் ரொம்ப நாளாகவே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய ஒப்பந்த பாஸ் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். அவற்றை மாற்றிப் புது எண் கொடுக்கப் போகிறோம், கம்ப்யூட்டரில் விதியை இறுக்கி வையுங்கள் என்றார். அதுவரை விதி இதுதான்: ஒரு எழுத்து, ஒரு சின்னக் கோடு, நான்கு இலக்கம். இனி முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்கக் கூடாது. ஒரே ஒரு குறியை மாற்றினால் போதும். புது பாஸ் அடிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அவர் சொன்னார். அதை மறைக்க விரும்பவில்லை.

வைத்திலிங்கம் அண்ணன் வேறு ஒன்று கேட்டிருந்தார். "தம்பி, இந்த 'எண் சரியில்லை'ன்னு வருது பாருங்க, அது கழுத்தறுப்பா இருக்கு. கேட்டுல முப்பது பேரு நிக்கும்போது அத மூடிக்கிட்டு உக்காந்திருக்க முடியுதா? அந்த மெசேஜ எடுத்துவுட்டுருங்க" என்றார்.

இரண்டுமே நியாயமான கோரிக்கைகள். இரண்டையும் நான் ஒரே நாளில் செய்து கொடுத்தேன். நீங்கள் அவர்கள் இருவரையும் தனித்தனியாக விசாரித்தால், ஆமாம் சொன்னோம் என்றுதான் சொல்வார்கள்.

பூஜ்யத்தில் தொடங்குகிற பழைய பாஸ் வைத்திருந்தவர்கள் அப்போது மூன்று பேர்தான் மிச்சம். ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் பூமாலை, ஆபீஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற அம்மா. அவர் குழிக்குள் இறங்க மாட்டார். இதை நான் முதலிலேயே பார்த்து உறுதி செய்துகொண்டேன். சம்பந்தமில்லாத ஒருவருக்கு என் வேலையால் கெடுதல் வரக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். மூன்றாவது எண் சி-0417.

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டும் என்று சுரங்கத்துக்குப் போனேன். கேட்டில் ஒரு கம்ப்யூட்டர், எடைமேடையில் ஒன்று, இரண்டிலும் புதியதைப் போட்டேன். பிறகு சிங்காரவேலு சார் அறையில் உட்கார்ந்து காபி குடித்தேன். அடிக்குழியில் தண்ணீர் நிற்கிறது, பம்பு இழுக்க மாட்டேன் என்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டார். அவர் அலுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். மழை பெய்தால் அந்தப் பம்பு எப்போதும் அடைத்துக்கொள்ளும்.

"அறிவரசனக் கூப்புடுங்க சார். நான் வேணா போன் போடுறேன்" என்றேன்.

அவர் சரி என்றார். நான் போட்டேன். அவன் திருமானூர்ப் பக்கம் வேறு ஒரு வேலையில் இருந்தான். சாயங்காலம் வரவா என்று கேட்டான். "இல்லப்பா, மதியத்துக்குள்ள வந்துட்டா நல்லா இருக்கும். சார் டென்ஷனா இருக்காரு" என்றேன். இந்த அழைப்பைத்தான் நீங்கள் என் போனில் பார்த்திருக்கிறீர்கள். நேற்று அதை, ஒரு நண்பனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தேன் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு வந்தான். கேட்டில் கூட்டம், வெளியே வருகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். அவன் ஒருவன்தான் உள்ளே போகிறவன். வண்டியை நிறுத்திவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "மச்…" என்று தொடங்கியவன், சட்டென்று நிறுத்தி, "சார், சாப்டீங்களா?" என்றான்.

இனிமேல்தான் என்றேன்.

வைத்திலிங்கம் அண்ணன் அவன் பாஸைப் பார்த்து எண்ணை அடித்தார். பச்சை வந்தது. 'டிங்' என்றது. அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையை ஆட்டினார், அவன் போனான். அடுத்த நொடியே வெளியே வருகிறவர்களின் எண்களை அடிக்க ஆரம்பித்துவிட்டார். பட்டியலில் ஒரு பெயர் ஏறவில்லை என்பதை அந்த அவசரத்தில் எவரும் பார்த்திருக்க முடியாது. ஆளை நினைவில் வைத்துக்கொள்வது அவர் வேலையும் இல்லை. அந்த வேலைக்குத்தான் என் சாஃப்ட்வேரை வாங்கினார்கள்.

நான் கேன்டீனுக்குப் போய் எலுமிச்சைச் சாதம் வாங்கினேன். பக்கத்து மேசையில் யாரோ வாக்கியை வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் செல்லப்பன் குரல் கேட்டது.

"கேட்டு, உள்ள எத்தன?"

"பூஜ்யம்ணே."

"நல்லாப் பாத்துக்க வைத்தி."

"பாத்துட்டேண்ணே. கிளியரு."

பிறகு சைரன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பதில் சொல்லக் கேட்டது வைத்திலிங்கம் அண்ணனை, என்னை இல்லை. அந்த வாக்கியும் என்னுடையது இல்லை. சைரன் அடங்குவதற்குள் நான் சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போனேன். தரை அதிர்ந்தது, குழாய்த் தண்ணீர் கொஞ்சம் நடுங்கியது. எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

சாயங்காலம் அவன் வண்டி அங்கேயே நிற்பதைப் பூமாலைதான் முதலில் பார்த்துக் கேட்டார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வேலையை நிறுத்தினார்கள். எடைமேடை அறையைப் பூட்டினார்கள். மறுநாள் காலை, உங்கள் ஆட்கள் கேட்டுக்கு முத்திரை வைப்பதற்கு முன்பு, கேட்டில் இருந்த கம்ப்யூட்டரில் பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டேன். விவரம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொன்னதும் சிங்காரவேலு சாரே நாற்காலியை இழுத்துப் போட்டார். நீங்கள் நிபுணரை வைத்துச் சோதித்தபோது சி-0417 ஒழுங்காக ஏறியது. ஆகவே வைத்திலிங்கம் அண்ணன் எண்ணையே அடிக்கவில்லை என்று முடிவு செய்தீர்கள். அவர் பச்சையைப் பார்த்தேன், சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்தபோது எல்லோரும் அவரைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் மனைவிக்கு ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

பூங்குழலி சாவுக்குப் போகவில்லை. போகிறாயா என்று கேட்டேன், நான் எதுக்குண்ணே என்றாள். அழவும் இல்லை. எண் கேட்கும் பெட்டிகளில் எழுத்தையும், எழுத்து கேட்கும் பெட்டிகளில் எண்ணையும் அடித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவள் வைத்திலிங்கம் அண்ணனை ஜெயிலில் போய்ப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "நான் போட்டேம்மா. பச்ச வந்துச்சு, என் புள்ளைங்க மேல ஆணை" என்று அவர் அழுதாராம். உலகத்தில் அவரை நம்பியவள் அவள் ஒருத்திதான். அவர் மேல் உள்ள நம்பிக்கையால் இல்லை, மேடம். பெட்டிகளை அவளுக்குத் தெரியும்.

சுரங்கம் மறுபடி திறந்ததும் எடைமேடையிலிருந்து போன் வந்தது, பிரிண்டர் ஓடவில்லை என்று. நான் எழுவதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டாள். "நான் போறேண்ணே" என்றாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை. நானும் கூடவே போனேன்.

எடைமேடை அறை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. அவள் பிரிண்டரைச் சரிசெய்தாள். பிறகு கம்ப்யூட்டரில் பாஸ் எண் பக்கத்தைத் திறந்தாள். நான் ஜன்னல் ஓரம் நின்றேன். பூட்டியிருந்த அறை என்பதால் அதில் மட்டும் பழையதைத் திரும்பப் போட எனக்கு வழி கிடைக்கவில்லை. வாய்ப்பு கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவள் யாரோ ஒரு டிரைவரின் எண்ணை அடித்தாள். பச்சை, சத்தம், பட்டியலில் பெயர். பிறகு பாஸ் எதையும் பார்க்காமல் சி-0417 என்று அடித்தாள். பச்சை வந்தது, சத்தம் வந்தது. பட்டியலில் ஒன்றும் ஏறவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கடைசியில் அந்தப் பெட்டியில் கைக்கு வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தாள், கமா, கேள்விக்குறி, தன் பெயர். எல்லாவற்றுக்கும் பச்சை வந்தது.

திரும்பாமலே கேட்டாள். "அண்ணே, தப்பான எண்ணுக்கு ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது?"

"மெசேஜ் வேணாம்னு வைத்தி அண்ணந்தான் கேட்டாரு."

"மெசேஜ் வேணாம்னு கேட்டாரு. பச்ச காட்டச் சொன்னாரா?"

 சிங்காரவேலு சார் சொன்னதிலும் வைத்திலிங்கம் அண்ணன் கேட்டதிலும் பச்சை கிடையாது. அது என்னுடையது. மறுக்கப்பட்ட எண்ணுக்கும் பச்சை காட்டு, சத்தம் கொடு, பட்டியலில் ஏற்றாதே. மூன்று வரி.

அவள் எழுந்து திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்" என்றேன்.

அவள் போனை எடுத்து, திரையை வீடியோ எடுத்துக்கொண்டே மறுபடி அந்த எண்ணை அடித்தாள். இரண்டு தரம் தப்பாக அடித்துவிட்டு மூன்றாம் தரம் சரியாக அடித்தாள். நான் தடுக்கவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாள் என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது.

அவள் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் நான் எதையும் அழிக்கவில்லை. நினைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. அழித்தால் குற்றம் செய்தவன் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

சரி, நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மதுரைவீரன் மகன் அறிவரசன் அன்றைக்குக் குழிக்குள் இருப்பான் என்று தெரியும். அவனை வரவழைத்தது நான். அவன் உள்ளே இருப்பது திரையில் தெரியக் கூடாது என்று எழுதியது நான். வெடி வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தது நான். அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். வைத்திலிங்கம் அண்ணனுக்கும் செல்லப்பனுக்கும் இதில் ஒன்றும் தெரியாது, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன்.

பூங்குழலி இப்போது காத்தாயி வீட்டில்தான் இருக்கிறாள், இனி அங்கேதான் இருப்பேன் என்று சொல்கிறாள் என்றீர்கள். அது துக்கத்தில் சொல்வது. அவளுக்கு அந்தப் பக்கத்துச் சாப்பாடே ஒத்துக்கொள்ளாது. கோபம் ஆறினால் வந்துவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்களிடம் ஒரு உதவி மட்டும் கேட்கலாமா, மேடம்? ஆலத்தியூரில் ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை சிமெண்ட் கம்பெனியில் இன்ஜினியர், நம்ம ஆட்கள்தான். இந்தக் கயிறு விஷயம் மட்டும் அவர்கள் காதுக்குப் போக வேண்டாம். தை மாதம் வரைக்கும் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.